சாம்பல் அணில்களைக் கொல்வது நியாயமா?

காட்டுநேசன்:
பிரிட்டனில் சிவப்பு அணிலைக் காப்பாற்றுவதாகச் சொல்லிச் சாம்பல் அணில்களைப் பொறி வைத்துப் பிடித்துக் கொல்கிறார்கள். 1876-இல் செஷயரில் ஒரு செல்வந்தர், அழகுக்காக அவற்றை வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து தன் தோட்டத்தில் விட்டார். அது அணிலின் குற்றமா? ஒன்றரை நூற்றாண்டாக அங்கேயே பிறந்து வளரும் உயிரை இன்னும் அந்நியம் என்பது என்ன நியாயம்?

அணில்பித்தன்:
குற்றம் மனிதனுடையதுதான், நண்பரே. அதில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் அணில் அம்மை கண்ட சிவப்பு அணில் எப்படிச் சாகிறது தெரியுமா? கண்ணையும் வாயையும் சுற்றிப் புண் வெடித்துப் பொருக்குத் தட்டும். பார்க்க முடியாது, தின்ன முடியாது. ஓரிரு வாரத்தில் முடிந்துவிடும். அந்தக் கிருமியைச் சுமந்து வரும் சாம்பல் அணிலுக்கோ பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. பொறியில் சாகும் உயிருக்கு இரங்கும் நீங்கள் இதற்கும் இரங்க வேண்டாமா?

காட்டுநேசன்:
இரங்குகிறேன். ஆனால் இருபது லட்சத்துக்கும் மேல் பெருகிவிட்டதைக் கொன்று தீர்க்க முடியுமா? ஒரு காட்டைக் காலி செய்தால் அடுத்த காட்டிலிருந்து வந்து நிரம்பும். ஆற்றில் கரைத்த புளிதான்.

அணில்பித்தன்:
வேல்ஸ் கரையோரத்து ஆங்கிள்சி தீவில் முடிந்திருக்கிறதே! 1998-இல் தொடங்கிய வேலை. இன்று அங்கே சிவப்பு அணில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. பாலம் வழியாக மறுபடி நுழையாதபடி எதிர்க்கரையிலும் பொறி வைக்கிறார்கள். இத்தாலியைப் பாருங்கள். 1948-இல் துரின் அருகே விட்டவை நான்கே நான்கு. 1997-இல் ஒழிக்க முனைந்தபோது விலங்குரிமை அமைப்புகள் வழக்குப் போட்டு நிறுத்தின. வழக்கு முடிவதற்குள் அவை ஒழிக்க முடியாத அளவுக்குப் பரவிவிட்டன. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தது சிவப்பு அணில்.

மரநாய்:
இருவரும் அயர்லாந்தை விட்டுவிட்டீர்கள். அங்கே அணில்களை வேட்டையாடும் பைன் மார்ட்டென் என்ற மரநாய் இனம் மீண்டும் பெருகியதும் நடுப்பகுதிக் காடுகளில் சாம்பல் அணில் மளமளவென்று குறைந்தது. சிவப்பு அணில் திரும்பி வந்தது. மரநாயின் வாடை பட்டாலே சிவப்பு அணில் உஷாராகிவிடுகிறது. சாம்பல் அணிலுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. மனிதன் பொறி தூக்கும் முன், தான் வேட்டையாடி ஒழித்த மரநாயைத் திரும்பக் கொண்டுவரட்டும்.

காட்டுநேசன்:
இதை முழு மனதாக ஏற்கிறேன்.

அணில்பித்தன்:
நானும்தான். ஆனால் மரநாய் நகரத்துப் பூங்காக்களுக்கு வராது. சாம்பல் அணில் அங்கேயும் கொழுத்துக் கிடக்கிறது. அம்மை பரவும் காட்டில் மரநாய் பெருகும்வரை காத்திருக்கவும் முடியாது. அதுவரை பொறியை எடுக்கச் சொல்லாதீர்கள்.