போஸ்னியா: ‘எல்லாருமே குற்றவாளிகள்தான்’ என்ற பேச்சு யாருக்கு உதவியது?

கூழாங்கல்:
யுகோஸ்லாவியா உடைந்தபோது பிரிந்த போஸ்னியாவில் முஸ்லிம்கள், செர்புகள், குரோவாட்டுகள் மோதிக்கொண்ட 1992-1995 போரைப் பற்றி மேற்கத்திய அமைச்சர்கள் பாடியது ஒரே பல்லவி. பரம்பரைப் பகை, அங்கே யோக்கியன் எவனும் இல்லை, நாம் நடுவில் போகக்கூடாது. இதை நடுநிலை என்று இன்றும் மெச்சுபவர்கள் ஐ.நா.வின் 713ஆம் தீர்மானத்தைப் பாருங்கள். 1991 செப்டம்பரில் யுகோஸ்லாவியா முழுவதற்கும் ஆயுதத் தடை. காகிதத்தில் எல்லாருக்கும் ஒரே சட்டம். ஆனால் 1992 மே மாதம் யுகோஸ்லாவிய ராணுவம் போஸ்னியாவை விட்டு ‘வெளியேறியபோது’ பீரங்கி, டாங்கி, வெடிமருந்துக் கிடங்கு, அதிகாரிகள் எனப் பெரும்பகுதி அப்படியே போஸ்னிய செர்புப் படைக்குப் போய்ச் சேர்ந்தது. தலைநகர் சரயேவோவில் இருந்த போஸ்னிய அரசிடம் மிஞ்சியது பெரும்பாலும் சிறுரகத் துப்பாக்கிகள். வீட்டைப் பூட்டும்போது உள்ளே இருந்த இருவரில் ஒருவன் கையில் அரிவாள் இருந்தது, பூட்டியவர்களுக்கும் அது தெரியும். என் கணக்கில் அந்தத் தடையே முதல் தலையீடு.

மேற்குத்தொடர்:
தடை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒரு பக்கம் அரக்கன், மறுபக்கம் அப்பாவி என்று கோடு கிழித்தால் 1993ஐ எங்கே வைப்பீர்கள்? ஏப்ரல் 16 அன்று அஹ்மிச்சி கிராமத்தில் நூறு பேருக்கு மேல் போஸ்னிய முஸ்லிம்களைக் கொன்றது குரோவாட் படை. அந்த நவம்பர் 9 அன்று மோஸ்தாரின் பழைய பாலத்தைச் சுட்டு வீழ்த்தியதும் அவர்களே. செலெபிச்சி முகாமில் செர்புக் கைதிகளை வதைத்ததற்காக போஸ்னிய அரசுத் தரப்பினருக்கு ஹேக் நகரில் இருந்த ஐ.நா. போர்க்குற்றத் தீர்ப்பாயம் தண்டனை கொடுத்திருக்கிறது. 1994 மார்ச்சில் போஸ்னிய அரசோடு சமாதானம் என்று வாஷிங்டனில் கையெழுத்துப் போட்டதும் அதே குரோவாட் படை நல்லவர் பட்டியலில் ஏறிவிட்டது! 1995 ஆகஸ்டில் குரோவேசியாவின் கிரயினாப் பகுதியைக் குரோவேசிய ராணுவம் பிடித்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செர்புகள் டிராக்டரிலும் வண்டியிலும் ஊரைவிட்டு ஓடினார்கள். அதைத் தடுக்க மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோ ஒரு விமானத்தைக் கிளப்பியதா? தீர்ப்பு எழுதிவிட்டுப் போருக்குப் போகிறவனுக்குத் தன் கூட்டாளியின் கை கறை தெரியாது.

கூழாங்கல்:
ஆளாளுக்குக் குற்றம் உண்டு என்பது ஒன்று. எல்லார் குற்றமும் ஒரே எடை என்பது வேறு. போரில் செத்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். அதில் ஆயுதம் ஏந்தாத பொதுமக்களை மட்டும் எண்ணினால் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் போஸ்னிய முஸ்லிம்கள். ஸ்ரெப்ரெனிட்சா ஊரில் 1995 ஜூலையில் செர்புப் படை போஸ்னிய முஸ்லிம்களைக் கொன்றது இனப்படுகொலை என்று 2007இல் சர்வதேச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. செலெபிச்சியையும் அதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பழைய_பீரங்கி:
இரண்டு பேரும் தராசைப் பிடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் அதை நிறைவேற்றும் இயந்திரம் எப்படி இருந்தது என்று பாருங்கள்.

ஸ்ரெப்ரெனிட்சாவைப் ‘பாதுகாப்புப் பகுதி’ என்று 1993 ஏப்ரலில் அறிவித்தாயிற்று. அப்படிப்பட்ட ஆறு ஊர்களைக் காக்க 34,000 வீரர் வேண்டும் என்றது ஐ.நா. செயலகம். பாதுகாப்பு மன்றம் ஒப்புக்கொண்டது 7,600. ஸ்ரெப்ரெனிட்சாவுக்குக் கிடைத்தது சில நூறு டச்சு வீரர்கள், இலகு ஆயுதங்களோடு. அவர்களுடைய டீசலும் சாப்பாடும் முற்றுகையிட்ட செர்புப் படையின் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் வரவேண்டும். சாவடி நினைத்தால் லாரி வரும், இல்லாவிட்டால் வராது.

அடுத்தது ‘இரட்டைச் சாவி’. குண்டு போட நேட்டோவும் சம்மதிக்க வேண்டும், ஐ.நா.வும் சம்மதிக்க வேண்டும். ஐ.நா. சாவி ராணுவத்தான் கையில் இல்லை, சிறப்புத் தூதர் அகாஷியிடம் இருந்தது. அவர் தயங்கியதற்குக் காரணமும் உண்டு. 1995 மே மாதம் போஸ்னிய செர்புகளின் தலைமையிடமான பாலே நகருக்குப் பக்கத்து ஆயுதக் கிடங்குகளில் குண்டு விழுந்ததும் செர்புப் படை முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.நா. ஆட்களைப் பிடித்து, சிலரைக் குண்டு விழக்கூடிய இடங்களில் கம்பத்தோடு கட்டி, தொலைக்காட்சியில் காட்டியது. ஜூலை 6 அன்று ஸ்ரெப்ரெனிட்சா மீது தாக்குதல் தொடங்கியது. 11ஆம் தேதி பிற்பகலில்தான் இரண்டு எஃப்-16 வந்து குண்டு போட்டன. கையில் இருக்கும் டச்சுக்காரர்களைக் கொல்வோம் என்ற மிரட்டல் வந்ததும் அதுவும் நின்றது. அடுத்த சில நாட்களில் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

பிறகு என்ன மாறியது? யாருடைய மனசாட்சியும் திடீரென்று விழித்துவிடவில்லை. ஜூலை 21 லண்டன் கூட்டத்துக்குப் பின் ஐ.நா. சாவி தளபதிகள் கைக்கு வந்தது. சரயேவோவுக்கு மேலே இக்மான் மலையில் பிரிட்டிஷ், பிரெஞ்சு பீரங்கிகள் ஏறின. இன்னொரு பாதுகாப்புப் பகுதியான கொராஜ்தேவில் சிக்கியிருந்த பிரிட்டிஷ் வீரர்களை ஓசைப்படாமல் வெளியே எடுத்தார்கள். பிணையாகப் பிடிக்க ஆள் கிடைக்காது என்று உறுதியான பிறகுதான் ஆகஸ்ட் 30 அன்று நேட்டோவின் விமானத் தாக்குதல் தொடங்கியது. 3,515 பறப்புகள், 1,026 குண்டுகள். மே மாதத் தோல்வியையும் செப்டம்பர் வெற்றியையும் பிரித்தது இந்த ஏற்பாடுதான்.

மேற்குத்தொடர்:
பீரங்கி ஐயா என் வேலையை எளிதாக்கிவிட்டார். அதே செப்டம்பரில் குரோவாட், போஸ்னியப் படைகள் மேற்கு போஸ்னியாவில் ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு வந்தன. பேச்சுவார்த்தை மேசைக்குச் செர்புகளைத் தள்ளியதில் அந்தக் காலாட்படைக்குப் பெரும் பங்கு உண்டு. கடைசியில் அமெரிக்காவின் டேய்டனில் நடந்த சமாதானப் பேச்சில் நிலத்தை எப்படிப் பிரித்தார்கள்? முஸ்லிம்-குரோவாட் கூட்டமைப்புக்கு 51 சதவீதம், செர்புகளுக்கு 49. அந்த 49க்குள்தான் ஸ்ரெப்ரெனிட்சா இருக்கிறது. கொன்றவர்களின் பங்கிலேயே கொல்லப்பட்டவர்களின் ஊரை எழுதிக்கொடுத்தது எந்த அறத்தீர்ப்பு, கூழாங்கல்?

அகரம்:
இந்த இழையில் இலங்கை இன்னும் வரவில்லையே என்று பார்த்தேன், நானே கொண்டுவருகிறேன். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். களத்தில் ஆயுதத்தோடு நின்ற புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. அக்டோபரில் இந்திய அமைதிப்படை அவர்களோடே போரில் இறங்கியது, 1990 மார்ச்சில் திரும்பியது. டேய்டனிலும் போஸ்னிய செர்புகள் சார்பில் பேசியது பெல்கிரேடில் இருந்து வந்த செர்பிய அதிபர் மிலோசெவிச். ஆனால் அவர் எல்லையை மூடினால் அவர்களுக்கு எரிபொருளும் சம்பளமும் நெருக்கடியாகும், அதனால் அவர் கையெழுத்து செல்லுபடியானது. டில்லிக்குப் புலிகள் மேல் அப்படி ஒரு பிடி இல்லை. போஸ்னியாவில் ஒப்பந்தத்தைக் காக்க நேட்டோ தலைமையில் அனுப்பியதோ 60,000 பேர், அதுவும் போர்நிறுத்தம் வந்த பிறகு.

கூழாங்கல்:
மேற்குத்தொடர், ஸ்ரெப்ரெனிட்சா 49க்குள் போனதற்கு என்னிடம் நியாயம் இல்லை. அது பேரம், தீர்ப்பு அல்ல. ஆனால் தீர்ப்பே வேண்டாம் என்றால் பொறுப்பை யார்மேல் வைப்பது? 2019 ஜூலையில் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம், ஸ்ரெப்ரெனிட்சாவின் டச்சுத் தளத்துக்குள் இருந்து வெளியே அனுப்பப்பட்ட சுமார் 350 ஆண்களின் சாவில் தன் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்றது. உள்ளேயே வைத்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு 10 சதவீதம், ஆகவே இழப்பீட்டிலும் 10 சதவீதம்.

மேற்குத்தொடர்:
சாவடியில் டீசலுக்குக் கையேந்திய டச்சுக்காரனுக்கு 10 சதவீதம். 34,000ஐ 7,600 ஆக்கிய பாதுகாப்பு மன்றத்தின் பதினைந்து பேருக்கு எத்தனை சதவீதம் என்று எந்த நீதிமன்றம் சொன்னது?