ஊட்னடாட்டா டிராக்கில் குடும்பத்தோடு: இரண்டு நாள் போதுமா?

கரிசல்மண்:
வணக்கம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கிறோம். ஜூலை பள்ளி விடுமுறையில் நான், மனைவி, 9 வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா நாலு பேரும் மாரீயில் ஆரம்பித்து வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா வழியாக மார்லா போய், அங்கிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகலாம் என்று இருக்கிறோம். மாரீயிலிருந்து மார்லா வரை ஊட்னடாட்டா டிராக் என்கிற மண்சாலையே சுமார் 620 கிலோமீட்டர். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், முன்பு ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போய்வந்த பழைய கான் ரயில் ஓடிய தடம் அந்தச் சாலையை ஒட்டியே போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. சொந்த வண்டி, ஆல் வீல் டிரைவ், ஸ்டெப்னி ஒன்றுதான். இரண்டு நாளில் முடியுமா, வழியில் பெட்ரோல் கிடைக்குமா? அப்பா இன்சுலின் போடுகிறவர், எனக்குப் பெரிய கவலை அதுதான்.

செம்புழுதி:
இந்தச் சாலையில் மூன்று முறை போயிருக்கிறேன். பெட்ரோலுக்குக் கவலை வேண்டாம், வில்லியம் கிரீக்கிலும் ஊட்னடாட்டாவிலும் கிடைக்கும், விலை மட்டும் கூடுதல். சுமார் 200 கிலோமீட்டருக்கு ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் டயரும் மழையும் அப்படியில்லை. போன தடவை வில்லியம் கிரீக் தாண்டி ஒரு மணி நேரத்தில் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. ஸ்டெப்னி மாட்டலாம் என்று ஜாக்கியை வைத்தால் வண்டி எழும்பவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கியது. காய்கறி வெட்டுகிற பலகையை அடியில் கொடுத்துத்தான் தூக்கினோம். அதனால் ஒரு தடித்த பலகைத் துண்டு கட்டாயம், இரண்டாவது ஸ்டெப்னியும் கட்டாயம். இருக்கிற ஸ்டெப்னி முழு அளவுதானா அல்லது மெலிந்த தற்காலிகச் சக்கரமா என்று இன்றைக்கே பாருங்கள், மெலிந்தது அங்கே உதவாது. சரளையில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, 80க்கு மேல் போகாமல் ஓட்டினால் பாதித் தொல்லை குறையும்.

மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள், மீறிப் போனால் அபராதம் உண்டு. காய நாளாகும். ஆகவே இரண்டு நாள் கணக்கு வேண்டாம், நாலு நாள் வையுங்கள், சாப்பாடும் தண்ணீரும் அதற்கு மேலும் இரண்டு நாளைக்கு இருக்கட்டும்.

வார்டு_அக்கா:
தம்பி, நான் நர்ஸ். ஜூலையில் பகல் இதமாக இருக்கும், ராத்திரி உறைபனி அளவுக்குக் குளிர் இறங்கும். இன்சுலின் உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான், உருகிய பிறகும் பயன்படாது. ராத்திரி வண்டியில் விடாதீர்கள், ஐஸ் கட்டியை ஒட்டியும் வைக்காதீர்கள், துணியில் சுற்றி அப்பாவின் படுக்கைக்குள்ளேயே இருக்கட்டும். தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். சர்க்கரை இறங்கினால் கொடுக்க குளுக்கோஸ் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும்.

ஊர்களைத் தாண்டினால் போன் சிக்னலை நம்ப முடியாது. சாட்டிலைட் போனோ, பி.எல்.பி என்கிற அவசரக் கருவியோ வாடகைக்கே கிடைக்கும், வாங்கிக்கொண்டு போங்கள். வண்டி நின்றுவிட்டால் யாரும் இறங்கி நடக்கக் கூடாது. வண்டியைக் கண்டுபிடிப்பது சுலபம், நடந்து போகிற ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இதை மகளுக்கும் சொல்லி வையுங்கள்.

தண்டவாளம்:
அப்பாவுக்காக எழுதுகிறேன். மாரீ ஸ்டேஷனில் பழைய டீசல் இன்ஜின்கள் நிற்கின்றன, அங்கே ஒரு மணி நேரமாவது கொடுங்கள். ஒரு காலத்தில் ஸ்டாண்டர்ட் கேஜ் என்கிற, அகலம் கூடிய பாதையில் வந்தவர்கள் அங்கே இறங்கித்தான் குறுகிய பாதை ரயில் ஏறினார்கள், அதை அவரே உங்களுக்கு விளக்குவார். நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால்தான் பாதையை ஊற்றுகளை ஒட்டிப் போட்டார்கள். அந்த வரிசையில் வருவது கோவர்ட் ஸ்பிரிங்ஸ், பேரீச்சை மரங்களோடு தங்க இடம் உண்டு, முதல் ராத்திரிக்கு நல்லது. ஊட்னடாட்டாவுக்கு முன்னால் அல்ஜிபக்கினா பாலம், 578 மீட்டர் இரும்பு. 1980இல் ரயில் நின்றுபோனது, பாலம் அப்படியே நிற்கிறது. சாயங்கால வெயிலில் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள்.

கரிசல்மண்:
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் பார்த்தேன், எங்களுடையது மெலிந்த ஸ்டெப்னிதான். சனிக்கிழமை முழு அளவில் இரண்டு வாங்கப் போகிறேன். நாலு நாளாக மாற்றிவிட்டோம். ஒரு சந்தேகம், இரண்டாவது சக்கரத்தை வண்டிக்குள் வைக்கலாமா, கூரையில் கட்டுவதா?

செம்புழுதி:
உள்ளே இடமிருந்தால் உள்ளேதான், பின் சீட்டை ஒட்டி, பெல்ட் போட்டு இறுக்கி. கூரையில் வைப்பதானால் கம்பி எவ்வளவு எடை தாங்கும் என்று முதலில் பாருங்கள், 100 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திக் கட்டையும் பாருங்கள், அந்தக் குலுக்கலில் தளர்ந்துவிடும்.