நாஸியா ஹசன் எல்.பி., கேசட்: கையாண்டவர்கள் அனுபவம் பகிரலாம்

சுழல்மேசை

பாகிஸ்தான் பாப் பாடகர்களான அக்கா – தம்பி நாஸியா ஹசன் – ஜொஹேப் ஹசன் பதிவுகளை எல்.பி.யாகவோ (பெரிய இசைத்தட்டு) கேசட்டாகவோ வைத்திருப்பவர்கள், அவற்றைக் கணினிக்கு மாற்றியவர்கள் இங்கே எழுதலாம். எந்தப் பதிப்பு, என்ன கோளாறு, எதனால் வருகிறது, எப்படிச் சரிசெய்வது என்பது மட்டும் போதும். "எங்கள் தெருவில் அந்தக் காலத்தில்..." வகையறாவுக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய்விடுங்கள்.

முதலில் வரிசை. 1980இல் 'குர்பானி' படத்துக்காக 'ஆப் ஜைசா கோயி'. 1981இல் 'டிஸ்கோ தீவானே'. 1982இல் 'பூம் பூம்'. 'ஸ்டார்' என்ற இந்திப் படத்தின் பாட்டுகளும் இவையே, படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது. 1984இல் 'யங் தரங்', 1987இல் 'ஹாட்லைன்', 1992இல் 'கேமரா கேமரா'. 'குர்பானி' பாட்டை ஒதுக்கினால் ஐந்தே ஆல்பம். 2000 ஆகஸ்ட் 13 அன்று 35 வயதில் நாஸியா லண்டனில் இறந்துவிட்டார். ஆகவே இந்தப் பட்டியலுக்கு வெளியே "புது ஆல்பம்" என்று யாராவது விற்றால் அது தொகுப்பாகவோ ரீமிக்ஸாகவோதான் இருக்கும்.

அடிக்கடி வரும் குழப்பம் ஒன்று. 'டிஸ்கோ தீவானே' தட்டை வாங்கிவிட்டு "ஆப் ஜைசா கோயி இல்லையே, தட்டு போலியா?" என்று கேட்கிறார்கள். போலி இல்லை. அந்தப் பாட்டு 'குர்பானி' தட்டில் இருக்கிறது, அது பாலிடார் வெளியீடு. 'டிஸ்கோ தீவானே' இந்தியாவில் எச்.எம்.வி. வெளியீடு. உரிமை வேறு வேறு கையில் இருந்ததால், இரண்டும் ஒரே பழைய கேசட்டில் இருந்தால் அது கள்ளப் பிரதி என்று முதலில் சந்தேகப்படுவதே நல்லது.

வெள்ளைக்கோடு

'குர்பானி' எல்.பி. பற்றி. படத்தின் மற்றப் பாட்டுகளுக்கு இசை கல்யாண்ஜி – ஆனந்த்ஜி. 'ஆப் ஜைசா கோயி'க்கு மட்டும் பிட்டூ. பெங்களூரில் பிறந்து லண்டனில் நிலைத்தவர், 1974இல் கார்ல் டக்ளஸ் பாடிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' பாட்டைத் தயாரித்தவர். இந்தப் பாட்டும் லண்டனில், பல தடங்களில் தனித்தனியாகப் பதிந்து கலக்கப்பட்டது. அதே தட்டில் மற்றப் பாட்டுகளுக்கு நடுவே இது வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி நிற்கும். பாஸ் கிட்டார் தனியாக, கனமாக, நடுவில் உட்கார்ந்திருக்கும். பெரிய வயலின் கூட்டம் ஒரே அறையில் வாசித்த காற்றோட்டம் இதில் இருக்காது.

ஆகவே தட்டு முழுவதற்கும் ஒரே ஈக்வலைசர் அமைப்பைப் போடாதீர்கள். மற்றப் பாட்டுகளுக்குக் கொஞ்சம் பாஸ் கூட்டினால் நன்றாக இருக்கும். அதே அமைப்பு இந்தப் பாட்டில் பாஸ் டிரம்மையும் கிட்டாரையும் ஒட்டிக் கூழாக்கிவிடும்.

இன்னொன்று, குரல். பாடியபோது அவருக்கு 15 வயது. மெல்லிய, கொஞ்சம் மூக்கோடு வரும் குரல். அதைக் கனமாக்க ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டித்து வைத்திருப்பது ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்கும். இரண்டு அடுக்கிலும் 'ஸ' ஒலி மிகச் சிறிய கால வித்தியாசத்தில் விழுகிறது. அதனால்தான் ஊசி சரியில்லாத பிளேயரில் 'ஜைசா' என்ற சொல் 'ஜைஷ்ஷா' என்று சீறுகிறது. தட்டைத் திட்டுவதற்கு முன் ஊசியைப் பாருங்கள்.

சுழல்மேசை

அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், இங்கேதான் பெரும்பாலோர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசியடியில் வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது. உள்ளே லேபிளை நெருங்கும்போது சுமார் 21 செ.மீ.தான். அதே 'ஸ' ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டியிருக்கும். 18 மைக்ரான் உருண்டை ஊசியால் அந்த நெருக்கமான வளைவுக்குள் போக முடியாது, மேலே உரசிக்கொண்டு போகும். முட்டை வடிவ ஊசி போட்டாலே பாதிச் சீறல் அடங்கும். மைக்ரோலைன் ஊசி இன்னும் ஆழமாக இறங்கும். பழைய ரேடியோகிராமில் தேய்ந்துபோன தட்டிலும், முன்பு எந்த ஊசியும் தொடாத சுவர்ப் பகுதியை அது படிக்கும். தேய்ந்த தட்டுக்கு மலிவு ஊசி போதும் என்பது தலைகீழ்க் கணக்கு.

ஊசி அழுத்தும் எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்ற நம்பிக்கையையும் விடுங்கள். 2 கிராம் என்று தயாரிப்பாளர் சொன்ன கார்ட்ரிட்ஜை (ஊசியைத் தாங்கும் பகுதி) 1.2 கிராமில் ஓட்டினால் பாஸ் டிரம் அடியிலும் 'ஸ'விலும் ஊசி சுவரை விட்டுத் துள்ளும். துள்ளி விழும் ஊசிதான் சுவரைக் கொத்துகிறது. ப்ரொட்ராக்டர் (கோணமானி) அட்டை வைத்து ஊசி பள்ளத்தில் நிற்கும் கோணத்தைச் சரிசெய்தபின் சொன்ன எடையையே வையுங்கள்.

வேகம் பார்க்க ஸ்ட்ரோப் அட்டை போதும்: சுழலும் மேசைமேல் வைக்கும் கோடு போட்ட அட்டை, வேகம் சரியாக இருந்தால் விளக்கடியில் கோடு நின்றதுபோல் தெரியும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 33⅓இல் 180 கோடு உள்ள வட்டம். அமெரிக்காவில் அச்சிட்ட அட்டையில் 216 கோடு இருக்கும், அது 60 ஹெர்ட்ஸுக்கு. எல்.ஈ.டி. விளக்கடியில் பல சமயம் கோடு தெரியவே தெரியாது. நியான் இன்டிகேட்டர் விளக்கு ஒன்று போதும்.

நாடாக்காரன்

எல்.பி. அண்ணன்மார்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பாகிஸ்தானில் இந்த ஆல்பங்களை மக்கள் பெரும்பாலும் கேசட்டில்தான் கேட்டார்கள், கள்ளப் பிரதியும் அங்கே ஏராளம். அதனால் கராச்சிப் பக்கத்திலிருந்து சுற்றி வரும் கேசட் எல்லாம் ஈ.எம்.ஐ. பாகிஸ்தான் அசல் என்று நம்பிவிடாதீர்கள். பக்க முடிவில் பாட்டு பாதியில் அறுந்து நின்றால், வாங்கிய வெற்று நாடாவின் நீளத்துக்குள் திணித்த பிரதி அது. அட்டையின் படம் மங்கி, எழுத்து விளிம்பு பிசிறடித்தால் அட்டையும் படத்தைப் படம் எடுத்துச் செய்தது.

கைக்கு வந்த பழைய கேசட்டை உடனே டெக்கில் போடக் கூடாது. முதலில் ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ நூலோ தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் அதை இழுக்கும் பின்ச் ரோலரும் அழுக்காகி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, பழுது டெக் ஒன்றில் நாடாவைக் கையால் சுற்றி, பஞ்சில்லாத உலர்ந்த துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

அடுத்தது அழுத்தும் ஃபெல்ட். நாடாவுக்குப் பின்னால் செம்புத் தகட்டில் ஒட்டிய சின்னத் துண்டு. 40 வருடத்தில் பசை காய்ந்து விழுந்துவிடும். விழுந்தால் நாடா ஹெட்டோடு ஒட்டாது. ஒலி மங்கும், அலையும். "நாடாவில் ஒலி அழிந்துவிட்டது" என்று தூக்கிப் போடும் கேசட்டில் கணிசமானவை இந்தக் கேஸ்தான். ஐந்து திருகு உள்ள கூடு என்றால் திறந்து, வேறு கேசட்டின் ஃபெல்டைத் தகட்டோடு மாற்றலாம். ஒட்டி மூடிய கூடு என்றால் இணைப்புக் கோட்டில் மெல்லிய கத்தியை வைத்துப் பிளந்து, இரண்டு சுருளையும் அப்படியே தூக்கித் திருகு போட்ட கூட்டுக்கு மாற்றுங்கள். வழுக்குத் தாள், உருளைகள் இரண்டையும் புதுக் கூட்டிலிருந்தே எடுங்கள். பழைய உருளையில் கீச்சொலி வரும்.

பிறகு ஒருமுறை முழுக்க முன்னோக்கி, ஒருமுறை பின்னோக்கிச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் அசையாத சுருளில் இழுவை சீராக இருக்காது, பாட்டு ஆடும்.

இப்போது அசிமத், அதாவது நாடாவுக்கு ஹெட் நிற்கும் கோணம். அதைத் திருப்புவது ஹெட் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சின்னத் திருகு. பதிவை மோனோவில் வைத்து ஹை-ஹாட்டை (டிரம் செட்டில் 'ட்ஸ்' என்று ஒலிக்கும் ஜோடித் தட்டு) மட்டும் கவனியுங்கள். டிஸ்கோ இதற்கு வரப்பிரசாதம்: 'டிஸ்கோ தீவானே'யில் ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஹை-ஹாட் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது, தனி சோதனை நாடா வேண்டாம். காந்தம் ஏறாத திருப்புளியால் மெல்ல, கால் சுற்றுக்குள் திருப்புங்கள். ஓரிடத்தில் 'ட்ஸ்' பளிச்சென்று வரும், தாண்டினால் மங்கும். மோனோவில் இரண்டு சானலும் கூடும்போது கோணம் தப்பினால் உச்ச ஒலிகள் ஒன்றையொன்று அழிக்கும், அதனால்தான் அந்த இடம் தெளிவாகத் தெரிகிறது. 'பி' பக்கத்துக்கு மறுபடி பாருங்கள், ஒரே இடத்தில் நிற்கும் என்று உறுதி இல்லை. வேலை முடிந்ததும் நம்பகமான கேசட் ஒன்றைப் போட்டுத் திருகைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

டால்பி (டெக்கின் இரைச்சல் குறைப்பு): அட்டையில் இரட்டை 'டி' குறி இருந்தால் மட்டும். குறி இல்லாத நாடாவில் போட்டால் இரைச்சலோடு ஹை-ஹாட்டும் போய்விடும்.

வெள்ளைக்கோடு

நாடாக்காரன் சார், மோனோவில் அசிமத் பார்க்கும்போது தப்பான இடத்தில் நின்றுவிடாமல் இருக்க, முடிந்தபின் ஸ்டீரியோவுக்கு மாற்றி ஒருமுறை கேட்பது நல்லது. ஒரு சுற்று அதிகம் போனால் பொய்யான இரண்டாவது உச்சம் ஒன்று வரும். குரல் நடுவில் நிற்காமல் மூலைக்கு இழுத்தால் நீங்கள் அங்கே மாட்டிக்கொண்டீர்கள்.

தூசிதட்டி

கழுவும் விஷயம் யாரும் சொல்லவில்லை. காய்ச்சி வடித்த நீர் 1 லிட்டர், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் 100 முதல் 150 மி.லி., வாசனையில்லாத பாத்திர சோப்பு இரண்டே சொட்டு. லேபிளில் படாமல், பள்ளத்தின் போக்கிலேயே மென்தூரிகை. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் இன்னொரு அலசல். இதை விட்டால் சோப்பு காய்ந்து 'கரகர' கூடும். குழாய் நீரில் உப்பு, அதுவும் பள்ளத்தில் படியும். வெயிலில் காயவைக்கவே கூடாது, பி.வி.சி. வளைந்துவிடும். 78 வேக அரக்குத் தட்டுக்கு ஆல்கஹால் எமன்; அவற்றை இந்தக் கலவைப் பக்கம் கொண்டுவராதீர்கள். கழுவிய தட்டைப் பழைய பிளாஸ்டிக் உறையில் திரும்பப் போடாமல் புது உறை வாங்குங்கள்.

அலைவரிசை

மென்பொருள் பக்கம். 24 பிட், 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸ், உச்சம் −6 டெசிபலைத் தாண்டாமல். மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டுப் பிரதியில் வேலை செய்யுங்கள்.

இந்தப் பாட்டுகளுக்கே உரிய வில்லங்கம் 'கிளிக்' நீக்கி. கீறலின் 'டிக்' ஒலியும் கைத்தட்டலும் மென்பொருளுக்கு ஒன்றுதான்: திடீரென்று எழுந்து திடீரென்று அடங்கும் கூர்மை. 'ஆப் ஜைசா கோயி'யில் 'பியூ' என்று சரியும் மின்னணு டிரம், 'பூம் பூம்' ஆல்பத்தின் தட்டல்கள் எல்லாம் அதற்குக் கீறல். தானியங்கியாக ஓட்டினால் தட்டல் பஞ்சாகிவிடும். இணையத்தில் "சுத்தம் செய்த" பிரதிகள் உயிரில்லாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இது. "நீக்கப்பட்டதை மட்டும் கேட்க" என்ற வசதி பெரும்பாலான மென்பொருளில் உண்டு. அதில் தாளம் கேட்டால் உணர்திறனைக் குறைக்க வேண்டும். தாளம் கேட்கவே கேட்காத அளவுக்கு வந்தபின் மிஞ்சும் பெரிய கீறல்களைக் கையால் ஒவ்வொன்றாக எடுங்கள்.

இரைச்சல் நீக்கி 6 டெசிபலுக்கு மேல் வேண்டாம். இரட்டித்த குரலின் எதிரொலி வால் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் குழையும்.

புதுத்தட்டு

ஒரு சந்தேகம். என்னிடம் இருக்கும் 'குர்பானி' வீடியோவில் அந்தப் பாட்டு எல்.பி.யைவிடச் சுருதி உயர்ந்து இருக்கிறது. கீபோர்டு வைத்துப் பார்த்தால் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக. டர்ன்டேபிள் வேகம் ஸ்ட்ரோப்பில் சரியாகவே இருக்கிறது. எது அசல்?

அலைவரிசை

எல்.பி.தான். படம் வினாடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்). நம் தொலைக்காட்சிக்கான பி.ஏ.எல். (PAL) முறை வீடியோ 25. அப்படியே ஓட்டி மாற்றினால் எல்லாம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் வேகமாகும், சுருதி சுமார் 0.7 அரைக்கட்டை ஏறும். ஒலிக்கோப்பின் வேகத்தை 0.96ஆல் பெருக்குங்கள். 'சுருதி மாற்றாமல் வேகம்' என்ற தேர்வை எடுக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தே இறங்க வேண்டும். 15 வயதுக் குரல் அதற்குமேல் இன்னும் சிறுபிள்ளைக் குரலாகச் சுற்றி வருவது இதனால்தான்.

'யங் தரங்' வீடியோக்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவை தொலைக்காட்சிக்காகவே எடுத்த பாட்டுக் காட்சிகள். முதலில் எல்.பி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் மட்டும் கை வையுங்கள்.

சுழல்மேசை

கோப்புக்குப் பெயர் வைப்பதில் ஒரு வேண்டுகோள். பாடகர் இடத்தில் 'நாஸியா' என்று மட்டும் போட்டால் ஜொஹேப் பாடியவையும் அவர் கணக்கில் போய்விடுகிறது. ஆல்பம் கலைஞர் இடத்தில் இருவர் பெயரும், பாட்டுக் கலைஞர் இடத்தில் உண்மையில் பாடியவரும். ஆண்டு இடத்தில் முதல் வெளியீட்டு ஆண்டு, குறிப்பில் உங்கள் கையில் உள்ள தட்டின் லேபிள் எண்ணும், லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் கீறியிருக்கும் எழுத்தும். மறுபதிப்பா முதல் பதிப்பா என்ற சண்டையில் அட்டையைவிட அந்தக் கீறல் எழுத்துதான் சாட்சி.

2012இல் 'ஸ்டூடன்ட் ஆஃப் தி இயர்' படத்துக்காக விஷால் – சேகர் மாற்றிய பாட்டில் பென்னி தயால், சுனிதி சௌஹானோடு நாஸியா பெயரும் பாடகர் வரிசையில் உண்டு. தேடும்போது அது முதலில் வந்து நிற்கும். 'டிஸ்கோ தீவானே' கோப்புறையில் அதைக் கலக்காதீர்கள்.

நாடாக்காரன்

வெள்ளைக்கோடு சொன்ன பொய் உச்சம் உண்மை. அதைத் தவிர்க்க, முதலில் பாஸும் குரலும் தெளிவாக வரும் இடத்தைத் தோராயமாகப் பிடித்துவிட்டு, பிறகுதான் ஹை-ஹாட்டுக்குப் போக வேண்டும். டெக்கே ஓடாமல் 'உர்ர்' என்று நின்றால் பெல்ட் உருகியிருக்கும். கறுப்புத் தாராகக் கையில் ஒட்டும். கப்பி, ஃப்ளைவீல் இரண்டிலும் ஒரு துளி மிச்சமில்லாமல் ஐசோப்ரோப்பைலால் துடைத்தபின்பே புது பெல்ட். மிச்சம் இருந்தால் புதுசும் வழுக்கும். அப்புறம் அசிமத்தை எத்தனை முறை திருப்பினாலும் பாட்டு ஆடிக்கொண்டேதான் இருக்கும்.