ஹேண்டி ஆன்டெனாவை நானோ விஎன்ஏ-யில் சோதித்தால் அளவு நிலையாக நிற்காதது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அமெச்சூர் வானொலி உரிமம் கிடைத்துச் சில மாதங்களே ஆகின்றன. இரண்டு மீட்டர் பேண்டில், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, பேசுவதற்கு ஒரு ஹேண்டி (கையடக்க வானொலிக் கருவி) வைத்திருக்கிறேன். அதனுடன் வந்த குட்டை ரப்பர் ஆன்டெனாவுக்கு மாற்றாக ஏறத்தாழ 40 செ.மீ. நீளமுள்ள விப் ஆன்டெனா ஒன்றை வாங்கி, நானோ விஎன்ஏ (ஆன்டெனாவைச் சோதிக்கும் சிறு கருவி) மீட்டரில் நேரடியாகத் திருகிப் பார்த்தேன். 145 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் (ஆற்றல் எவ்வளவு திரும்பிவருகிறது என்பதைக் காட்டும் விகிதம்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 4-க்கு மேல் காட்டியது. மீட்டரைக் கையில் எடுத்தவுடன் 2-க்கு இறங்கியது. யூஎஸ்பி வயரைச் செருகினால் மறுபடியும் மாறுகிறது. மீட்டர் பழுதா, ஆன்டெனா போலியா? எந்த எண்ணை நம்புவது?

மறுமொழி 1

இரண்டுமே பழுதாக இருக்க வேண்டியதில்லை. ஹேண்டியில் நாம் திருகும் கம்பி ஆன்டெனாவின் ஒரு பாதி மட்டுமே. மறுபாதி வேலையை ரேடியோவின் உலோக உடலும் அதைப் பிடித்திருக்கும் நம் கையும் செய்கின்றன. உங்கள் மீட்டரோ சிறிய பிளாஸ்டிக் பெட்டி. அந்த மறுபாதி அங்கே போதாததால், கையோ யூஎஸ்பி வயரோ அருகில் வந்த மாத்திரத்தில் அதுவும் ஆன்டெனாவின் பகுதியாகிவிடுகிறது. நீங்கள் பார்த்த எண்கள் பொய்யல்ல, ஆனால் அவை உங்கள் ஹேண்டியைப் பற்றியவை அல்ல.

முதலில் 130 முதல் 160 மெகாஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (மீட்டர் அளக்கும் அலைவெண் வரம்பு) வைத்துக்கொண்டு, ஓப்பன், ஷார்ட், லோடு என்ற மூன்று சோதனை முனைகளையும் பொருத்திக் கேலிபிரேஷன் (மீட்டரின் அளவைச் சரிசெய்தல்) செய்யுங்கள். இடையில் அடாப்டரோ கேபிளோ பயன்படுத்துவதாக இருந்தால், ஆன்டெனா பொருந்தப்போகும் அந்த முனையிலேயே செய்ய வேண்டும். பிறகு, காலி எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகட்டின் நடுவில் துளையிட்டு ஓர் எஸ்எம்ஏ (சிறிய திருகு வகை) கனெக்டரைப் பொருத்தி, ஆன்டெனாவை மேலே நிறுத்தி, மீட்டரைத் தகட்டுக்குக் கீழே வையுங்கள். அளவு ஆடுவது பெரும்பாலும் நின்றுவிடும். அப்போதும் கிடைப்பது ஒப்பீட்டு அளவுதான்: நன்றாக வேலை செய்வதாகத் தெரிந்த ஓர் ஆன்டெனாவை அதே தகட்டில் வைத்துப் பார்த்து, திரையில் தெரியும் எஸ்டபிள்யூஆர் வளைவின் பள்ளம் (மிகக் குறைந்த இடம்) இரண்டிலும் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எஸ்டபிள்யூஆர் மீது நம்மவர்களுக்கு இருக்கும் பக்தி சற்று அதிகம் என்பது என் கருத்து. 2 என்றால் சுமார் 11 விழுக்காடு ஆற்றல்தான் திரும்புகிறது, 1.5 என்றால் வெறும் 4 விழுக்காடு. கேட்பவர் காதுக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. மறுபுறம், 50 ஓம் டம்மி லோடு (ஆற்றலை வெப்பமாக்கிவிடும் போலிச் சுமை) எப்போதும் 1.0 காட்டும், அது காற்றில் எதையும் அனுப்புவதில்லை.

கேபிள் இன்னும் பெரிய ஏமாற்றுக்காரன். எங்கள் மொட்டைமாடி ஆன்டெனா கீழே 1.5 காட்டியதால் நெடுநாள் நிம்மதியாக இருந்தேன். ஆனால் 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் இந்த அலைவரிசையில் சுமார் 4 டெசிபலைத் தின்றுவிடுகிறது. திரும்பிவரும் அலையும் அதே வழியில் மெலிவதால், மேலே 3 ஆக இருக்கும் எஸ்டபிள்யூஆர் கீழே 1.5 என்று அழகாகத் தெரியும். மேலே ஏறி ஆன்டெனாவின் அடியிலேயே அளந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தகடு தயாரித்து அளந்தேன். விப்பின் பள்ளம் 147 மெகாஹெர்ட்ஸ் அருகே நிலையாக நிற்கிறது, 145-இல் 1.7. அப்படியானால் இதை ஹேண்டியில் தயங்காமல் பயன்படுத்தலாமா?

மறுமொழி 1

பயன்படுத்தலாம். ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) இரைச்சலோடு மட்டும் கேட்கும் ஓர் இடத்தில் நின்று, இரண்டு ஆன்டெனாக்களையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். வலுவான சிக்னல் கிடைக்கும் இடத்தில் வேறுபாடு தெரியாது. முடிந்தால் ஹேண்டியின் ஆன்டெனா கனெக்டரின் வெளிவளையத்தில் 49 செ.மீ. வயர் ஒன்றை இணைத்துத் தொங்கவிட்டும் சோதியுங்கள். 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் ஏறத்தாழ அவ்வளவுதான். உடலின் குறையை அது ஈடுகட்டும்.

மறுமொழி 2

ஒரு எச்சரிக்கை விடுபட்டுவிட்டது. மீட்டரில் ஆன்டெனா மாட்டியிருக்கும்போது பக்கத்தில் எந்த ஹேண்டியிலும் பிடிடி-யை (பேச அழுத்தும் பொத்தானை) அழுத்தாதீர்கள், 5 வாட் கூட அதன் உள்ளீட்டைக் கெடுத்துவிடக்கூடும். மாடி ஆன்டெனாவாக இருந்தால், கேபிளின் நடுக்கம்பியையும் வெளிவலையையும் ஒருமுறை தொடவைத்து நிலைமின்னூட்டத்தை வடித்த பின்பே மாட்டுங்கள். 73 (வாழ்த்துகள்).