அப்பாவின் உயிலைச் சித்தப்பா நிறைவேற்றுகிறார், கணக்குக் கேட்டால் கோபம். என்ன செய்யலாம்?

மூத்தவள்:
அப்பா இறந்து 14 மாதம் ஆகிறது. அம்மா முன்பே தவறிவிட்டார். உயிலில் எக்ஸிகியூட்டர் (உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்) சித்தப்பா; புரோபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கி 8 மாதம் ஆகிறது. எனக்கும் தம்பிக்கும் சரிபாதி என்று அப்பா சொல்லியிருந்தார், ஆனால் உயிலை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. வீட்டு வாடகை சித்தப்பாவின் சொந்தக் கணக்குக்குப் போகிறது. அப்பாவின் காரைச் சித்தப்பா மகன் ஓட்டுகிறான். கேட்டால், "என்னையே சந்தேகப்படறியா?" என்கிறார்.

போன வாரம் ஒரு தாளை நீட்டினார். 'என் பங்கு முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று டைப் செய்திருக்கிறது. தொகை எழுதும் இடம் காலி. கையெழுத்துக்கு மட்டும் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. போடலாமா?

வாசல்படி:
போடாதீர்கள். பணம் கைக்கு வராமல் 'பெற்றுக்கொண்டேன்' என்று எப்படி எழுதிக்கொடுப்பீர்கள்?

பழைய குமாஸ்தா:
நான் வக்கீல் இல்லை, வக்கீல் ஆபீஸில் பல வருடம் இருந்தவன். இந்தியாவில் நடப்பதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் உயில். புரோபேட் ஆகிவிட்டால் அது நீதிமன்ற ஆவணம். சித்தப்பா காட்டாவிட்டாலும் அங்கே மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கலாம். நீங்களும் தம்பியும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகு மற்றதைப் பேசுங்கள்.

அடுத்தது கணக்கு. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 317ஆம் பிரிவுப்படி, புரோபேட் கிடைத்த 6 மாதத்துக்குள் சொத்து, கடன் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் எக்ஸிகியூட்டர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே பட்டியலுக்குக் கெடு முடிந்துவிட்டது. கணக்குக்கு இன்னும் 4 மாதம் இருக்கிறது. பங்கைக் கொடுக்க இறந்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அந்த வருடமும் போய்விட்டது. கடனோ வரியோ பாக்கியிருந்தால் இன்னும் இழுக்கலாம், ஆனால் எது பாக்கி என்று சொல்லியாக வேண்டும்.

வாடகையைச் சொந்தக் கணக்கில் போட்டது தப்பு. அதற்காகத் திருடினார் என்று முடிவு கட்டாதீர்கள். தனிக் கணக்கு வைக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. சாவுச் செலவு, வக்கீல் கட்டணம், வீட்டு வரி எல்லாம் உங்கள் அப்பா விட்டுச்சென்ற சொத்திலிருந்து அவர் எடுத்துக்கொள்ளலாம், ரசீதோடு. ஒவ்வொரு முடிவுக்கும் உங்களைக் கேட்க வேண்டும் என்பதும் கிடையாது. ஆனால் வீட்டை அவரே குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டால் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

போனில் கேட்காதீர்கள், சண்டையாகிவிடும். பதிவுத் தபாலில் மரியாதையாக எழுதுங்கள்: 'சித்தப்பா, உயில் நகலும் சொத்துப் பட்டியலும் வாடகை வரவும் வேண்டும்' என்று தேதி குறித்து. பதில் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால், எக்ஸிகியூட்டரை நீக்கச் சொல்லி உயர்நீதிமன்றத்தில் கேட்க 301ஆம் பிரிவு இருக்கிறது. அது கடைசி வழி, செலவும் காலமும் பிடிக்கும்.

கடல்கடந்தவன்:
இங்கிலாந்துக்குத் தனிச் சட்டம், அதுவும் அதே 1925இல் வந்ததுதான், ஒரு வருட அவகாசமும் அப்படியே. ஆனால் அங்கே கணக்கு தானாகத் தாக்கலாகாது, நீதிமன்றம் கேட்டால்தான்.

மூத்தவள் (மூன்று வாரம் கழித்து):
தபால் போட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் தம்பி கையில் பட்டியலைக் கொடுத்தனுப்பினார். உயில் நகலும் கிடைத்தது, சரிபாதிதான். வாடகையில் பெரும்பகுதி வீட்டு வரிக்கும் கூரை ரிப்பேருக்கும் போயிருக்கிறது, ரசீதும் இருக்கிறது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பட்டியலில் கார் இல்லை.

பழைய குமாஸ்தா:
அதையும் எழுத்தில் கேளுங்கள். இறந்த தேதியில் அதன் மதிப்பு என்ன, இப்போது யார் பேரில் இருக்கிறது, இரண்டும். அந்தப் பென்சில் குறித் தாள் எங்கே?

மூத்தவள்:
கையெழுத்துப் போடாமல் பீரோவில் வைத்திருக்கிறேன்.