தண்ணீர் வந்தது, தயம்மும் போச்சு: பிக் பெண்ட் பாலைமலையில் மூன்று நாள்

மேல்விஷாரம், டேனரியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்

அஸ்ஸலாமு அலைக்கும். உம்ரா போன கதை, துபாய் கதை நிறைய படித்துவிட்டோம். நான் சொல்லப்போவது பள்ளிவாசலே கண்ணில் படாத ஒரு பாலைவனத்தில் தொழுத கதை.

சான் ஆன்டோனியோவில் மகன் வேலை பார்க்கிறான். 2023 மார்ச்சில் நானும் வீட்டம்மாவும் அவனிடம் போயிருந்தோம். "அத்தா, நோன்பு ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு இடம் காட்டறேன்" என்று காரில் ஏற்றினான். 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, மெக்சிகோ எல்லையை ஒட்டிய பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் கொண்டுபோய் நிறுத்தினான். 1944-இல் அமைத்த பூங்கா, 8 லட்சம் ஏக்கர். கீழே பாலைவனம், நடுவில் சிசோஸ் மலை. மலைக்கு நடுவே கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம். அங்கேதான் கூடாரம் போட்டோம். அந்தப் பள்ளமே நம்ம ஏலகிரியை விட உயரம். அந்த மலையின் உச்சி, எமரி சிகரம், 2,387 மீட்டர்.

முதல் ஆச்சரியம் செடிகொடிகள். பாலைவனம் என்றால் அரபு நாட்டு மணல்மேடுதான் என் மனதில் இருந்தது. அங்கே இறங்கிப் பார்த்தால் சப்பாத்திக்கள்ளி, ஆனைக்கற்றாழை, நம்ம வேலிகாத்தான் மரத்துக்குச் சொந்தக்கார மரம்! பாலாற்றங்கரையில் எவனும் மதிக்காமல் கிடக்கிற முள்ளெல்லாம் அந்தப் பக்கத்து மண்ணிலிருந்து வந்தவையாம். வீட்டம்மா ஒவ்வொன்றாகக் காட்டி, "இது நம்ம கொல்லையில இருக்கே, இதுவும் இருக்கே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அடுத்தது கிப்லா, அதாவது தொழும்போது கஅபாவை நோக்கித் திரும்பவேண்டிய திசை. பிறந்ததிலிருந்து மேற்கே பார்த்துத் தொழுதவன் நான். நம்ம ஊரில் நேர் மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்தால் கஅபா. மகனோ முஸல்லாவை, தொழுகை விரிப்பை, வடகிழக்கே விரித்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. டெக்சஸை விட மக்கா தெற்கே இருக்கிறது, எதற்கு வடக்கே திரும்பவேண்டும் என்று கேட்டேன். ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து, டீ பையின் நூலை அதன்மேல் இழுத்துப் பிடித்துக் காட்டினான். உருண்டைமேல் இரண்டு புள்ளிக்கும் நடுவே குறுக்குவழி பிடித்தால் நூல் மேலே வளைந்துதான் போகிறது. வரைபடத்தைத் தட்டையாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பிடிபட நேரமானது. அப்புறம் ராத்திரியில் போனைத் தொடவே இல்லை. துருவ நட்சத்திரத்தைப் பார், கையை நீட்டி முஷ்டியை மடக்கு, வலப்பக்கம் நாலு முஷ்டி தள்ளு, அதுதான் கிப்லா. வேலூரில் அந்த நட்சத்திரம் தரையிலிருந்து ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே, பெரும்பாலும் ஏதாவது மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அங்கே மூன்று முஷ்டி உயரத்தில் நிற்கிறது. வானத்து இருட்டைக் காப்பதற்காக 2012-இல் சர்வதேச அங்கீகாரம் பெற்ற பூங்கா அது. அந்த இருட்டை நான் சின்ன வயதில் ஊரில் மின்சாரம் போனபோது பார்த்தது.

இப்போது உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும் என்று நான் உட்கார்ந்த விஷயம்.

22-ஆம் தேதி மதியம் ஓல்ட் மேவெரிக் ரோடு என்கிற கப்பிச்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். மொத்தம் 14 மைல். பாதி வழியில் பின்சக்கரம் பஞ்சர். போனில் சிக்னல் இல்லை. நிழல் என்று ஒன்றும் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளச் சொல்கிறது பூங்கா நிர்வாகம். எங்களிடம் மூன்று பேருக்கும் சேர்த்து அவ்வளவுதான் மிச்சம். மகன் ஜாக்கியை எடுத்தான், அது கப்பியில் வழுக்கியது.

மதியத் தொழுகை, லுஹர் தொழவேண்டும். குடிக்கிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் இல்லை, ஒரு மைல் சுற்றளவில் கிடைக்கவும் வழியில்லை என்றால் தயம்மும்: தொழுகைக்கு முன் தண்ணீரால் கழுவிச் செய்கிற ஒளுவுக்குப் பதிலாக மண்ணைத் தொட்டுச் செய்வது. சின்ன வயதில் சாயங்கால மதரஸாவில், வேலூர் பாக்கியாத் அரபிக் கல்லூரியில் ஓதிய ஹஜ்ரத் ஒருவர் இதைச் சொல்லிக் கொடுத்தார். தலையை ஆட்டி ஆட்டி மனப்பாடம் செய்தோம். பாலாறு கால்வாசி ஓடிக்கொண்டிருந்த காலம், ஊரெல்லாம் கிணறு. தயம்மும் எதற்கு என்று எங்களில் ஒருவனும் கேட்டதில்லை. அறுபது வயது தாண்டி, அந்தச் செம்மண்ணில் இரண்டு கையையும் தட்டி முகத்தில் தடவியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருமுறை தட்டி முகம், மறுமுறை தட்டி முழங்கைவரை இரண்டு கையும். அவ்வளவுதான் சட்டம்.

பயணி என்பதால் நாலுக்குப் பதில் இரண்டு ரக்அத், அதாவது இரண்டு சுற்றுத் தொழுகை. முதல் ரக்அத்தில் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் இருக்கிறேன். வண்டிச் சத்தம். கதவு படாரென்று திறந்தது. யாரோ ஓடி வருகிறார். "வாட்டர், வாட்டர், ஐ ஹேவ் வாட்டர்!" என்று கத்துகிறார். பிக்கப் வண்டியில் வந்த வயதான வெள்ளைக்காரர். வெயிலில் மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். அந்தப் பாலைவனத்தில் வெயில் தாக்கி உயிரே போனவர்கள் உண்டு, அவர் பயந்ததில் தப்பே இல்லை. மகன் குறுக்கே போய் விளக்கினான். மனுஷர் அப்படியே நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஒரு ஐந்தடி தள்ளி நின்றார்.

ஆனால் எனக்குத் தொழுகை முறிந்துவிட்டது. நாங்கள் பின்பற்றுகிற ஹனஃபி வழியில் சட்டம் தெளிவு: தொழுதுகொண்டிருக்கும்போதே தண்ணீர் கிடைத்தால் தயம்மும் போய்விடும், ஒளு செய்து முதலிலிருந்து தொழவேண்டும். நம்ம உருதுக்காரச் சொந்தங்கள் எதற்கெடுத்தாலும் சொல்வார்களே, "ஆப் ஆமத், தயம்மும் பர்காஸ்த்" என்று? தண்ணீர் வந்தது, தயம்மும் எழுந்து போனது. அதைப் பழமொழியாகத்தான் ஐம்பது வருஷம் கேட்டிருக்கிறேன்.

தொழுகையை முடிக்கிற ஸலாம் கொடுக்காமல் எழுந்தேன். வீட்டம்மாவுக்கு உடனே புரிந்தது. மகன், "அத்தா, அவர் காத்திருக்கார், தொழுது முடிச்சுடுங்க" என்றான். முடியாது என்றேன். பெரியவரிடம் மகனை விட்டே சொல்லச் சொன்னேன்: நீங்கள் தண்ணீர் கொண்டுவந்தீர்கள், அதனால் எங்கள் மார்க்கப்படி நான் இப்போது கழுவியே ஆகவேண்டும், கொஞ்சம் தருவீர்களா? அவர் வண்டியிலிருந்து பெரிய கேனைத் தூக்கி வந்து, எனக்குக் கை நீட்டச் சொல்லி, தானே ஊற்றினார். முகம் கழுவினேன், கை கழுவினேன், தலைக்கு மஸஹ், அதாவது ஈரக்கையால் தடவுவது. காலில் போட்டிருந்தது கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ். விடியற்காலை ஃபஜ்ருக்கு ஒளு செய்து போட்டது, அதனால் ஈரக்கையால் மேல்பக்கம் தடவினால் போதும். "காலைக் கழுவ வேண்டாமா?" என்று அவர் கேட்டார். பயணிக்கு மூன்று நாள் சலுகை என்று மகன் சொன்னதும், "குட் ரூல்" என்றார்.

மறுபடி இரண்டு ரக்அத். அதுவரை சக்கரத்தை அவர் தொடவில்லை. சத்தம் வரும் என்று. முடிந்ததும் ஒரு பலகையை ஜாக்கிக்கு அடியில் கொடுத்து, கால்மணியில் மாட்டிவிட்டார். காசு வாங்கவில்லை. பேரீச்சம்பழம் ஒரு டப்பா கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்.

சாயங்காலத் தொழுகை அஸருக்கு சாண்டா எலினா பள்ளத்தாக்கு வாய்க்குப் போய்ச் சேர்ந்தோம். 450 மீட்டர் செங்குத்துப் பாறை, இடப்பக்கச் சுவர் மெக்சிகோ, வலப்பக்கம் அமெரிக்கா, நடுவே ரியோ கிராண்டே முழங்கால் அளவுக்கு. அரபு நண்பர்களோடு பழகியதால் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம் என்பான் மகன். நம்ம வழியில் அது ஹஜ்ஜில் மட்டும்தான். கைத்தடியை மணலில் நட்டு, நிழல் இரு மடங்கு தாண்டும்வரை உட்கார்ந்திருந்தோம். ஓடுகிற ஆற்றில் இறங்கி ஒளு செய்தேன். பாலாற்றில் அப்படிச் செய்து எத்தனை வருஷம் ஆகிறது!

மஃரிபுக்கு சோட்டோல் விஸ்டா என்கிற மேட்டுக்கு ஏறினோம். மேற்கே அடிவானம் முழுக்கத் திறந்து கிடக்கிற இடம். எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் மகன் கத்தினான். பிறை! மெல்லிசாக, பக்கத்திலேயே வியாழன் கிரகம், மேலே வெள்ளி கிரகம். நம்ம ஊரில் தலைப்பிறைக்குச் சென்னையிலிருந்து தலைமை காஜி அறிவிப்பு வரும்வரை மோதினாரைச் சுற்றி நின்று காத்திருப்போம். இங்கே என் கண்ணால் பார்த்துவிட்டேன். உங்களுக்கெல்லாம் மறுநாள்தான் பிறை, வெள்ளிக்கிழமைதான் தலைநோன்பு. எங்களுக்கு வியாழக்கிழமையே.

அன்று ராத்திரி கூடாரத்துக்கு வெளியே மூன்று பேரும் தராவீஹ் தொழுதோம். விடியுமுன் சஹருக்கு கேஸ் அடுப்பில் கஞ்சி. அங்கே விறகு எரிக்கக் கூடாது. கரடி வரும் என்பதால் சாப்பாட்டையெல்லாம் இரும்புப் பெட்டியில் பூட்டவேண்டும். பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னால் கழாச் செய்ய அனுமதி உண்டு. மலை ஏறுகிற நாளாக இருந்தால் நிச்சயம் விட்டிருப்பேன், அந்த வெயிலில் வீம்பு கூடாது. காரில் உட்கார்ந்து திரும்புகிற நாள்தானே என்று பிடித்தோம்.

குடியாத்தம்

வணக்கம் பாய். மகள் அரிசோனாவில் இருக்கிறாள், இந்த மாதிரி இடத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். எல்லைப் பக்கம் என்கிறீர்களே, போலீஸ் கெடுபிடி இருந்ததா? தொப்பி, தாடி, அம்மா முக்காடு என்று பார்த்தால் ஏதாவது கேட்பார்களோ என்று எனக்கே படிக்கும்போது பதைப்பாக இருந்தது.

மேல்விஷாரம்

எனக்கும் அதே பயம்தான் அண்ணே, மறைக்கமாட்டேன். திரும்பும்போது வடக்கே சாலையில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. எல்லா வண்டியும் நிற்கவேண்டும். பாஸ்போர்ட், விசா கையிலேயே இருக்கட்டும், பெட்டியில் வைக்காதீர்கள். எந்த நாடு, எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார், தாளைப் பார்த்தார், போகச் சொன்னார். இரண்டு நிமிஷம். ஆற்றோரம் பாறைமேல் மெக்சிகோக்காரர்கள் கம்பி பொம்மை, கைத்தடி எல்லாம் விலை எழுதி வைத்திருப்பார்கள். ஆசையாக இருக்கும், வாங்காதீர்கள். சட்டப்படி குற்றம், பறிமுதல் ஆகும்.

முக்காடு பற்றி: சோட்டோல் விஸ்டாவில் பேய்க்காற்று. ஒரு பெண்ணின் தொப்பி பறந்து பள்ளத்தில் போய்விட்டது. அவர் நேராக வீட்டம்மாவிடம் வந்து, உங்களுடையது மட்டும் எப்படி அசையவில்லை என்று கேட்டார். கைக்குட்டையை வைத்து அவருக்குக் கட்டிக் காட்டினாள். இருவருக்கும் பாஷை இல்லை. ஊசி குத்துகிற இடத்தை மட்டும் மூன்று தடவை காட்டவேண்டியிருந்தது.

வாணியம்பாடி, ஆசிரியை

பாய், எங்களுக்கு இந்த அனுபவம் லடாக்கில். அதுவும் மலையில் இருக்கிற பாலைவனம்தான், ஆனால் குளிர். ஹெமிஸ் தேசியப் பூங்கா, 1981-இல் அமைத்தது, பனிச்சிறுத்தைக்குப் பேர்போனது. ஜூனில் நானும் கணவரும் போனோம். லே நகரத்தில் இரண்டு நாள் சும்மா படுத்திருக்கச் சொன்னார்கள், மூச்சு பழக. அப்புறம் பூங்காவுக்குள் இருக்கிற ரும்பக் கிராமத்தில் ஒரு பௌத்தக் குடும்பத்தின் வீட்டில் தங்கினோம்.

முதல் நாள் ஃபஜ்ருக்கு ஓடைத் தண்ணீரில் ஒளு செய்தேன். விரல் மரத்து, பொத்தானைப் போட முடியவில்லை. வீட்டுக்கார அம்மா அடுப்படியிலிருந்து பார்த்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் எங்கள் கதவுக்கு வெளியே ஒரு கெட்டில் வெந்நீர். அதற்கு மறுநாளும். கடைசிவரை நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. காய்கறி போட்ட ஸ்க்யூ சூப்தான் சாப்பாடு, இறைச்சி வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னதே போதுமானது.

பனிச்சிறுத்தை தென்படவில்லை, நீல ஆட்டுக் கூட்டம்தான் பார்த்தோம். பட்டிக்குள் சிறுத்தை புகுந்தால் ஒரே ராத்திரியில் ஆடுகளைக் கொன்று குவித்துவிடுமாம். முன்பு கோபத்தில் அதைக் கொல்வார்களாம். இப்போது சிறுத்தையைத் தேடி வருகிற எங்களைப் போன்றவர்கள் தங்குவதால் வருமானம், பட்டிக்கு மேலே கம்பிவலை. வேலூரில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே, அங்கே மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே. உங்கள் ஆரஞ்சுப்பழத்தை வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறேன்.

பேரணாம்பட்டு

நான் அமீரகத்தில், அல் ஐன் ஊரில் டிரைவர். ஜபல் ஹஃபீத் மலையும் தேசியப் பூங்காதான், அடிவாரத்தில் 5,000 வருஷத்துக் கல்லறைகள். பாங்கு கேட்கிற நாடு, கிப்லாவுக்குக் கஷ்டமில்லை. ஆனால் பாய், லீவு நாளில் தனியாக அந்த மலைமேல் உட்கார்ந்து கீழே ஊர் விளக்கைப் பார்க்கும்போது, உங்களை மாதிரி பொண்டாட்டி பிள்ளையோடு ஒரு தடவை வரமுடியுமா என்றுதான் தோன்றும். நீங்கள் எழுதியதை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஆம்பூர், காலணித் தொழிற்சாலை

பாய், பூட்ஸ் விஷயம் சொன்னீர்களே, தொழில்காரன் என்ற முறையில் ஒன்று. கணுக்கால் மூடியிருந்தால் மட்டும் பத்தாது. கப்பியிலும் முள்ளிலும் நடந்த பூட்ஸில் மேல்தோலும் அடிப்பாகமும் சேருகிற இடத்தில்தான் முதலில் வாய் பிளக்கும், வெளியிலிருந்து தெரியாது. கால்விரல் மூன்று அளவுக்குக் கிழிசல் இருந்தால் மஸஹ் செல்லாது. உள்ளே கையை விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எடுத்துக்கொண்டு வாங்க, நானே தைத்துத் தருகிறேன். அந்த மண் இன்னும் ஒட்டியிருந்தால் துடைக்காமல் கொண்டுவாங்க, பார்க்கணும்.