பொருள்: லாரிங்கோஸ்கோப் பிளேடு – கையேட்டுக்கு என்ன சொல்?

வணக்கம். பிளவுதடு, பிளவண்ண அறுவை பற்றிய செவிலியர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மயக்க மருந்து கொடுத்தபின் மூச்சுக்குழலில் குழாய் செலுத்த உதவும் கருவிகளை ஒப்பிடும் பக்கத்தில் நிற்கிறேன். குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்புக்குக் குரல்வளைநோக்கி. சரி. அதில் வாய்க்குள் போய் நாக்கை விலக்கும் பிளேடுக்குத் ‘தகடு’, கேமரா உள்ள வகைக்குக் ‘காணொளிக் குரல்வளைநோக்கி’ என்று போட்டிருக்கிறேன். இரண்டும் ஒட்டவில்லை.

———

தகடு வேண்டாம் அம்மா, ‘அலகு’ இருக்கிறது. கத்தியின் அலகு, பறவையின் அலகு, தாடைக்கும் அதுவே பெயர். வாய்க்குள் போகும் கருவிக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன? கூடவே குரல்வளையையும் மாற்றி, தொண்டையைக் குறிக்கும் ‘மிடறு’ என்று போடுங்கள். எழுத்தொலிகள் பிறப்பதைச் சொல்லும் பிறப்பியலில் தொல்காப்பியர் மிடற்றையும் அண்ணத்தையும் ஒரே நூற்பாவில் வைத்திருக்கிறார். மிடறு உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், றகரம் இரட்டும்: மிடற்றுநோக்கி.

———

ஐயா, அலகு அருமை. மிடறு வேண்டாம். செவிலியருக்கு அது ஒரு வாய்த் தண்ணீர். ஆக்சிஜன் சட்டென்று இறங்கிவிடும் பிள்ளை மேசைமேல் இருக்கும்போது, கேட்டவுடன் புரிகிற சொல்தான் வேண்டும்.

மயக்க மருத்துவராக ஒன்று சொல்கிறேன். நேரான மில்லர் அலகு (1941) குரல்வளை மூடியையே தூக்கும். வளைந்த மேக்கின்டாஷ் (1943) நாக்கடிப் பள்ளத்தில் நுனியை ஊன்றி, மூடியை மறைமுகமாகத் தூக்கும். கைக்குழந்தைக்கு மூடி நீண்டு தொய்ந்திருப்பதால் பலர் நேரலகையே எடுக்கிறோம். இடப்பக்கம் பிளவு இருந்தால் அலகு அதற்குள் நழுவி மாட்டிக்கொள்ளும். அதனால் பிளவில் சுருட்டிய காஸ் துணியை வைத்து அடைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அந்தச் சுருளை முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்லி எழுதுங்கள்.

‘காணொளி’ பதிவுசெய்த படம் போலத் தொனிக்கிறது. இங்கே கேமரா அலகின் நுனிப்பக்கம் இருக்கிறது, நாம் திரையைப் பார்க்கிறோம். ‘திரைவழிக் குரல்வளைநோக்கி’ எனலாமே. தாடை சிறுத்த பிள்ளைகளிடம் அது பெரிய உதவி. ஆனால் குரல் நாண் திரையில் பளிச்சென்று தெரிந்தும் குழாய் உள்ளே திரும்பாமல் நிற்பதுண்டு. எச்சிலோ ரத்தமோ பட்டால் படம் மங்கும். தெரிவது வேறு, குழாய் போவது வேறு. ஒப்பீட்டில் இதைப் பிரித்தே எழுதணும்.

———

நோக்குவது மருத்துவர், கருவி காட்டத்தானே செய்கிறது? ‘குரல்வளைகாட்டி’தான் சரி. 1854இல் பாட்டு கற்பிக்கும் ஆசிரியர் மானுவேல் கார்சியா தன் குரல்வளையைத் தானே பார்த்தது கண்ணாடிகளைக் கொண்டுதான். அப்படிப் பார்த்தால் ‘குரல்வளையாடி’கூடப் பொருந்தும்!

———

நண்பரே, தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் நிலைத்துவிட்டன. நோக்கி இருக்கட்டும். எனக்கு அலகில்தான் தயக்கம். இன்சுலினை அலகு கணக்கில் எழுதுகிறோம். ‘1 அலகு எடு’ என்று அச்சிட்டால் மருந்தளவு என்று படித்துவிடுவார்கள்.

———

நல்ல எச்சரிக்கை. ‘1ஆம் எண் நேரலகு’ என்று எண்ணையும் வடிவையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். திரைவழிக் குரல்வளைநோக்கியை எடுத்துக்கொள்கிறேன். மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

———

அச்சுக்குப் போகட்டும். மிடற்றுநோக்கியைச் சொல்லடைவில் ஓர் ஓரத்திலாவது சேருங்கள். குரல்வளையை நான் இன்னும் ஏற்கவில்லை.